ஒழுகும் பழைய வாசிங் மெசின்: நீங்கள் செய்யக்கூடியதும் செய்யக்கூடாததும்

இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்கள் எங்களிடம் கேட்கும் வீட்டுப் பிரச்சினைகளில் இதுவும் ஒன்று. வீட்டில் ஏற்கனவே இருந்த பழைய வாசிங் மெசின், அல்லது தெரிந்தவர்கள் தந்த மெசின். ஒருநாள் பார்த்தால் குசினி நிலமெல்லாம் தண்ணீர். பதற வேண்டாம். முன்பக்கம் கதவுள்ள மெசின்களில் ஒழுக்கு வருவது பெரும்பாலும் நாலைந்து இடங்களில்தான். அவற்றில் சிலவற்றை நீங்களே காசு செலவில்லாமல் சரிப்படுத்தலாம்.

முதல் கேள்வி: மெசின் யாருடையது?

நீங்கள் இருப்பது ஹோம் ஒபிஸ் தந்த வீடு என்றால் மெசினைக் கழற்ற வேண்டாம். மைக்ரன்ட் ஹெல்ப் நிறுவனத்தின் இலவச இலக்கத்துக்கு (0808 8010 503) அறிவியுங்கள். இரவு பகல் எந்நேரமும் எடுக்கலாம், தமிழ் மொழிபெயர்ப்பாளரும் கேட்கலாம். அவர்கள் தரும் முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். தண்ணீர் நிற்பதைப் படமும் எடுத்து வையுங்கள்.

"முறைப்பாடு சொன்னால் என்ரை கேஸுக்குப் பாதிப்பு வருமோ?" என்று பலர் பயந்து, துணியால் துடைத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறார்கள். வீட்டுத் திருத்தத்துக்கும் உங்கள் அசைலம் முடிவுக்கும் சம்பந்தமில்லை. சொல்லாமல் விட்டால்தான் சிக்கல். தண்ணீர் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும், கரண்ட் வயரிலும் படும்.

வாடகை வீட்டில் சொந்தக்காரர் தந்த மெசின் என்றால் அவருக்கு வாயால் மட்டும் சொல்லாமல் ரெக்ஸ்ற் அல்லது ஈமெயில் அனுப்புங்கள். எழுத்தில் இருந்தால்தான் பிறகு காட்டலாம். மெசின் உங்களுடையது என்றால் மேலே வாசியுங்கள்.

தொடுவதற்கு முன்

1. சுவரில் உள்ள சுவிச்சை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். பிளக்குக்குக் கிட்டத் தண்ணீர் நின்றால் அதில் கால் வைக்க வேண்டாம். பியூஸ் பெட்டியில் மெயின் சுவிச்சை நிறுத்துங்கள்.
2. மெசினுக்குப் போகும் தண்ணீர்க் குழாயைப் பூட்டுங்கள். பெரும்பாலும் குசினி சிங்குக்குக் கீழே நீல நிறக் கைபிடியுடன் இருக்கும். கைபிடி குழாயின் நேரே இருந்தால் திறந்திருக்கிறது, குறுக்கே இருந்தால் பூட்டியிருக்கிறது.
3. சுடுதண்ணீரில் தோய்த்திருந்தால் ஆறும்வரை பொறுங்கோ. கதவுக் கண்ணாடியில் தண்ணீர் தெரிந்தால் கதவைத் திறக்க வேண்டாம்.

எப்போது ஒழுகுகிறது?

வைத்தியர் "எப்ப நோகுது?" என்று கேட்பதுபோல இதுவும் முக்கியம்.

மெசின் நிற்கும்போதும் ஒழுகினால்: தண்ணீர் உள்ளே வரும் பைப்.
தண்ணீர் நிரம்பும்போது முன்னால் வழிந்தால்: சவர்க்காரத் தட்டு.
தோய்க்கும்போது கதவடியில் வந்தால்: கதவு றப்பர், அல்லது நுரை கூடிவிட்டது.
தண்ணீரை வெளியே தள்ளும்போது வந்தால்: பில்டர் அல்லது கழிவுப் பைப்.

ஒவ்வொன்றாகப் பார்ப்போம்

தண்ணீர் வரும் பைப்: இரண்டு நுனியிலும் திருகி மூட்டியிருக்கும். உள்ளே சின்ன றப்பர் வோஷர் ஒன்று உண்டு. பழசானால் அது காய்ந்து வெடிக்கும். கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய் அதே அளவில் புதியது வாங்கிப் போடுங்கள். கையால் இறுக்கினால் பெரும்பாலும் போதும். குறட்டால் முழுப் பலத்தோடு இறுக்கினால் பிளாஸ்ரிக் மரை உடையும். பைப்பே வெடித்திருந்தால் ரேப் சுற்ற வேண்டாம், பைப்பை மாற்றுங்கள்.

சவர்க்காரத் தட்டு: தூள் கட்டியாகி அடைத்தால் தண்ணீர் முன்னால் வழியும். லண்டனிலும் தென்கிழக்குப் பக்கத்திலும் தண்ணீரில் சுண்ணாம்பு கூட என்பதால் அது சேர்ந்தும் அடைக்கும். தட்டை முழுதாக இழுத்தெடுத்துச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பழைய பல் பிரஷால் தேயுங்கள். தட்டு இருந்த குழியையும் துடையுங்கள்.

கதவு றப்பர்: மடிப்பை விரித்துப் பாருங்கோ. சில்லறைக் காசு, தலைமுடிக் கிளிப், சின்னச் சொக்ஸ் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். ஈரத் துணியால் றப்பரையும் கண்ணாடியையும் துடையுங்கள். றப்பர் கிழிந்திருந்தால் பசை நிற்காது, மாற்றத்தான் வேண்டும். அதைப் பழக்கமுள்ளவரிடம் விடுங்கள்.

நுரை: தூள் கூடப் போட்டால் உடுப்பு கூட வெளுக்காது, நுரைதான் பொங்கும். பெட்டியில் எழுதிய அளவே போதும்.

பில்டர்: முன்பக்கம் கீழே சின்ன மூடிக்குள் இருக்கும். நிலத்தில் துவாய் விரித்துத் தட்டையான தட்டம் ஒன்றை வையுங்கள். இடப்பக்கமாக மெல்ல மெல்லத் திருகுங்கள். தண்ணீர் வரும், தட்டம் நிரம்பினால் இறுக்கி, ஊற்றிவிட்டுத் திரும்பத் திறவுங்கள். குப்பையை எடுத்து, றப்பர் வளையத்தைத் துடைத்து, நேராகப் பூட்டுங்கள். கோணலாகப் பூட்டினால் அதுவே ஒழுகும்.

கழிவுப் பைப்: சிங்குக்குக் கீழே கிளிப் தளர்ந்திருக்கிறதா, பைப் மடிந்து நசுங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மெசினுக்குள் கொங்கிறீற் பாரம் வைத்திருப்பதால் அது மிகவும் கனம். தனியாக இழுக்க வேண்டாம்.

இங்கே நிறுத்துங்கள்

எரிந்த மணம் வந்தாலும், தொட்டால் கரண்ட் அடித்தாலும், அடியில் நடுவிலிருந்து தண்ணீர் வந்தாலும் மெசினின் மூடியைக் கழற்ற வேண்டாம். அது திருத்துநரின் வேலை. பழைய மெசின் வாங்குபவர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும். 2014 முதல் 2018 வரை விற்ற சில ஹொட்பொயின்ற், இன்டெசிற் மெசின்களின் கதவுப் பூட்டு சூடாகித் தீப்பிடிக்கலாம் என்பதால், அவற்றைத் திரும்பப் பெறுவதாக 2019 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. கதவின் உட்பக்கம் உள்ள மொடல் இலக்கத்தை எழுதிக்கொண்டு வந்தால் நாங்கள் பார்த்துச் சொல்வோம்.

சரிவந்துவிட்டதா?

மூட்டுகளின் கீழே காய்ந்த ரிஷ்யூ தாளை வையுங்கள். குழாயைத் திறந்து, பிளக்கை மாட்டி, உடுப்பில்லாமல் சின்னச் சுற்று ஒன்று விடுங்கள். எந்தத் தாள் நனைகிறதோ அங்கேதான் குறை. மெசின் ஓடும்போது வீட்டை விட்டு வெளியே போக வேண்டாம்.

இரண்டு எச்சரிக்கை

தோய்க்க முன் சட்டைப் பையைத் தடவிப் பாருங்கோ. சில்லறை பம்பைப் பழுதாக்கும். ஏஆர்சி கார்ட் காணாமற்போனால் அதைவிடப் பெரிய அலைச்சல்.

கைப்பழக்கம் வந்தபிறகு பக்கத்து வீட்டாருக்கு உதவுவது நல்ல விஷயம். ஆனால் வேலை செய்ய அனுமதி இல்லை என்ற நிபந்தனை உங்களுக்கு இருந்தால், திருத்திக் கொடுத்துக் காசு வாங்க வேண்டாம். ஐந்து பவுண் என்றாலும் அது வேலைதான். 2016ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டப்படி அது குற்றம்.

போனில் சொல்லப் பழகுங்கள்

"மை வாசிங் மெசின் இஸ் லீக்கிங்." (என் வாசிங் மெசின் ஒழுகுகிறது.)
"தேர் இஸ் வோட்டர் நியர் த பிளக்." (பிளக்குக்குக் கிட்டத் தண்ணீர் நிற்கிறது.)
"தமிழ் இன்ரர்பிறிற்றர், பிளீஸ்." (தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்.)

மூன்று வசனத்தையும் வாய்விட்டுப் பத்துத் தரம் சொல்லிப் பாருங்கோ. தண்ணீர் நிற்கும்போது வசனம் தேடிக்கொண்டிருக்க நேரம் இராது.