கணிப்பொறி மணி பார்ப்பது எப்படி?

காலம் பொன் போன்றது என்பர். பொன்னை நிறுக்க ஊர் முழுவதற்கும் ஒரே எடைக்கல் வேண்டும். காலத்தை அளக்கவும் அப்படியே. இரவு 9 மணிக்குத் திருமயத்தில் நாம் பாடம் படித்துக்கொண்டிருக்கும்போது துபாயில் மணி 7.30, சிங்கப்பூரில் 11.30. நம் மாவட்டத்துக் குடும்பங்கள் பலவற்றில் தந்தையோ அண்ணனோ அவ்வூர்களில் வேலை பார்க்கின்றனர். அவர்கள் அனுப்பும் செய்தி நம் மணியோடு நமக்கு வருகிறது. நம் பதில் அவர்கள் மணியோடு அவர்களுக்குப் போகிறது. இந்தக் கணக்கைப் பிசகாமல் போடுவது கணிப்பொறியையும் கைப்பேசியையும் நடத்தும் இயங்குதளம் ஆகும்.

நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் உள்ளதைப் போன்ற ஒரு விண்டோஸ் கணிப்பொறியில் நேர மண்டலப் பட்டியலைத் திறந்து பாருங்கள். 5.30 என்ற அளவிற்கு எதிரே "சென்னை, கொல்கத்தா, மும்பை, புது தில்லி" என்று ஒரு வரி இருக்கும். அதே 5.30க்கு எதிரே "ஸ்ரீ ஜெயவர்த்தனபுர" என்று இலங்கைக்கு மற்றொரு வரியும் இருக்கும். இரு நாட்டிலும் மணி ஒன்றேயாயின் இரண்டு வரிகள் எதற்கு? இக்கேள்விக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஊருக்கு ஒரு நண்பகல்

பூமி 24 மணியில் 360 பாகை சுழல்கிறது. ஒரு பாகைக்கு 4 நிமிடம். இந்தியாவின் பொது நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகையை ஒட்டி அமைந்தது. திருமயமோ ஏறத்தாழ 78.75 பாகையில் உள்ளது. வேறுபாடு 3.75 பாகை, அதை 4 ஆல் பெருக்கினால் 15 நிமிடம். ஆகவே நம் கோட்டைக்கு மேலே சூரியன் உச்சிக்கு வருவது, ஆண்டுச் சராசரியில், பகல் 12.15க்குத்தான். நவம்பர் முதல் வாரத்தில் 12 மணியை ஒட்டியும், பிப்ரவரி நடுவில் 12.30ஐ ஒட்டியும் வரும். பள்ளி மைதானத்தில் ஒரு குச்சியை நேராக நட்டு, நிழல் மிகக் குறுகும் வேளையைக் குறித்து வந்தால் இதை நாமே சரிபார்க்கலாம்.

முற்காலத்தில் ஒவ்வோர் ஊரும் தன் சூரியனையே நம்பியிருந்தது. இரயில் வந்த பிறகு அது இயலாமற் போயிற்று. கிரீனிச் நேரத்தைவிட பம்பாய் 4 மணி 51 நிமிடமும், கல்கத்தா 5 மணி 53 நிமிடமும் முந்தியிருந்தன. இவற்றிற்கு இடையில் 5 மணி 21 நிமிடத்தில் இருந்தது சென்னை. 1792ஆம் ஆண்டு கிழக்கிந்தியக் கம்பெனியார் சென்னையில் வானாய்வகம் அமைத்தனர். அங்கே கோல்டிங்காம் என்பார் 1802ஆம் ஆண்டு சென்னையின் தீர்க்கரேகையைக் கணித்து நேரத்தை வகுத்தார். நடுவிலிருந்த அந்தச் சென்னை நேரமே பிற்பாடு இந்திய இரயில்வேயின் நேரமாயிற்று. 1906 ஜனவரி 1 முதல் 5.30 என்னும் இந்திய நேரம் நடைமுறைக்கு வந்தது. ஆயினும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தத்தம் பழைய நேரத்தை விடவில்லை. சூரியனைக் கணிப்பது வானியலார் வேலை. எந்த நேரத்தைக் கைக்கொள்வது என்பதோ மனிதர் செய்யும் முடிவு. இதை நாம் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும்.

உள்ளே ஒரு மணி, வெளியே ஒரு மணி

கணிப்பொறியின் உள்ளே காசு வடிவில் சிறிய மின்கலம் ஒன்று உண்டு. கணிப்பொறியை அணைத்தாலும் உள்ளிருக்கும் சிறு கடிகாரம் ஓடுவது அதனால்தான். கணிப்பொறியை இயக்கியதும் இயங்குதளம் அக்கடிகாரத்தைப் பார்த்துத் தன் எண்ணிக்கையைத் தொடங்குகிறது. யூனிக்ஸ், லினக்ஸ் வகையினவும் ஆண்ட்ராய்டும் 1970 ஜனவரி 1 முதல் எத்தனை விநாடி சென்றது என்று எண்ணுகின்றன. விண்டோஸ் 1601 ஜனவரி 1 முதல் எண்ணுகிறது. இவ்வெண்ணிக்கை உலகப் பொது நேரத்தில் நடப்பது. அது இந்தியருக்கு ஒன்று, சிங்கப்பூராருக்கு ஒன்று என்று இல்லை.

நாம் இரவு 9 மணிக்கு ஒரு செய்தி அனுப்பினால் பொது நேரம் மாலை 3.30 என்பதே பதிவாகும். துபாயில் உள்ள கைப்பேசி அதனுடன் 4 மணியைக் கூட்டி 7.30 என்று காட்டும். சிங்கப்பூர்க் கைப்பேசி 8 மணியைக் கூட்டி 11.30 என்று காட்டும். சேமித்து வைப்பது பொது நேரம். கண்ணுக்குக் காட்டுவது உள்ளூர் நேரம். முழு முறையும் இந்த ஒரு வரியில் அடங்கும்.

கூட்டினால் மட்டும் போதுமா?

போதாது. கூட்ட வேண்டிய அளவு அரசாங்கங்களின் ஆணையால் மாறிக்கொண்டே வந்துள்ளது. உலகப் போரின்போது 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் வரை இந்தியக் கடிகாரங்கள் ஒரு மணி முன்னே தள்ளி வைக்கப்பட்டன. சிங்கப்பூர் 7.30 என்பதை விட்டு 8 என்ற அளவிற்கு மாறியது 1982ஆம் ஆண்டு தொடக்கத்தில்தான்.

இலங்கையின் கதை இன்னும் நீளமானது. மழை பொய்த்து மின்சாரம் குறைந்தமையால், 1996 மே மாதம் அங்கே 5.30 என்பது 6.30 ஆக்கப்பட்டது, அவ்வாண்டு அக்டோபரில் 6 ஆயிற்று. புலிகளின் ஆளுகையில் இருந்த வடபகுதிகளில் இம்மாற்றம் ஏற்கப்படவில்லை. ஒரே தீவில் இரண்டு மணி வழங்கியது. பின்னர் 2006 ஏப்ரல் 15ஆம் நாள், சித்திரைப் புத்தாண்டை ஒட்டி, நாடு மீண்டும் 5.30க்குத் திரும்பியது. புதிய விதியைப் பெறாத கணிப்பொறிகள் அதன் பிறகும் அரை மணி முந்தியே காட்டியிருக்கும்.

அந்த 2006ஆம் ஆண்டு இரவில் ஒரு விந்தை நிகழ்ந்தது. மணி 12.30 ஆனதும் கடிகாரம் 12க்குத் திருப்பப்பட்டது. ஆகவே 12 முதல் 12.30 வரையுள்ள நேரம் இருமுறை வந்தது! அவ்விரவில் இரட்டைக் குழந்தைகள் பிறந்ததாக வைத்துக்கொள்வோம். முதற் குழந்தை 12.20க்கும், மணி திருப்பிய பின் இரண்டாம் குழந்தை 12.05க்கும் பிறந்தால், ஏட்டைப் பார்ப்பவர் தங்கையை அக்காள் என்பர். பொது நேரத்தில் எழுதினால் முதற் பிறப்பு முந்திய நாள் மாலை 6.20, அடுத்தது 6.35. அக்காள் யாரென்ற வழக்கே இல்லை.

இவ்விதிகளையெல்லாம் தொகுத்த ஓர் ஏடு உண்டு. 1980களில் அமெரிக்காவில் ஆர்தர் டேவிட் ஓல்சன் என்பவர் தொடங்கிய அத்தொகுப்பு, இன்று லினக்ஸ், ஆண்ட்ராய்டு முதலியவற்றில் இடம்பெற்றுள்ளது. விண்டோஸ் தனக்கென ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. ஓல்சன் ஏட்டில் நம் மண்டலத்தின் பெயர் "ஏஷியா/கொல்கத்தா", இலங்கையினது "ஏஷியா/கொழும்பு". தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இப்போது விடை கிடைத்துவிட்டது. இரு நாடுகளின் இன்றைய மணி ஒன்றுதான். கடந்து வந்த வரலாறு வேறு. 2000ஆம் ஆண்டில் கொழும்பில் எழுதப்பட்ட ஒரு கடிதத்தின் நேரத்தைச் சரியாகச் சொல்ல, கணிப்பொறிக்கு அந்த வரலாறு வேண்டும்.

ஒரு கடிகாரம், இரண்டு எசமானர்

2011 முதல் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோசும் பாஸ் லினக்சும் சேர்ந்தே வந்தன. இப்படி ஒரே பெட்டியில் இரண்டு இயங்குதளம் இருந்தால் ஒரு சிக்கல் எழலாம். உள்ளிருக்கும் சிறு கடிகாரத்தில் விண்டோஸ் வழக்கமாக உள்ளூர் நேரத்தை எழுதும். லினக்சோ அதைப் பொது நேரம் என்று படிக்கும். காலை 10 மணியைப் பார்த்து, 5.30 கூட்டி, பிற்பகல் 3.30 என்று காட்டிவிடும். கடிகாரத்திலும் பழுதில்லை, கணக்கிலும் பழுதில்லை. எந்த நேரத்தை எழுதுவது என்ற உடன்பாடுதான் இல்லை. இரண்டையும் ஒரே வழக்கிற்குக் கொண்டுவந்தால் சிக்கல் தீரும்.

நாம் செய்ய வேண்டுவது

1. மணி தவறாகத் தெரிந்தால் உடனே எண்களை மாற்றாதீர்கள். முதலில் மண்டலத்தைப் பாருங்கள். மண்டலம் தவறாயிருக்க, மணியை மட்டும் திருத்தினால் உள்ளே இருக்கும் பொது நேரம் கெட்டுவிடும். நம் கோப்புகளும் கடிதங்களும் தவறான நேரம் தாங்கிச் செல்லும்.

2. ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தேதி பல ஆண்டு பின்னே போயிருந்தால், காசு மின்கலம் தீர்ந்துவிட்டது என்று பொருள். அதை மாற்றச் சொல்லுங்கள்.

3. இயங்குதளத்திற்கு வரும் புதுப்பிப்புகளைத் தள்ளிப்போடாதீர்கள். ஏதோ ஒரு நாடு மாற்றிய நேர விதி அதில் இருக்கலாம்.

4. வெளிநாட்டுத் தேர்வுக்கோ கல்லூரிக்கோ விண்ணப்பிக்கும்போது, கடைசி மணி எந்த ஊர் மணி என்று கேட்டு அறியுங்கள். சிங்கப்பூரில் இரவு 12 மணியோடு முடியும் விண்ணப்பம் நமக்கு இரவு 9.30க்கே முடிந்துவிடும். உழைத்துப் படித்த பெண் ஒருத்தி இரண்டரை மணி வேறுபாட்டால் ஓர் ஆண்டை இழக்கலாகாது.

மணி எத்தனை என்று கேட்பது எளிது. எந்த ஊர் மணி என்று சேர்த்துக் கேட்கவும் பழகிக்கொள்வோமாக.