படித்தவரும் பழகியவரும்

காற்று உருளையை முதுகில் கட்டிக்கொண்டு நீருக்கடியில் நீந்துவது ஸ்கூபா. இதில் ஆர்வம் உள்ளவர்கள் இரண்டு வகை. ஒருவர் ஓயாமல் படிப்பவர். ரெகுலேட்டர் விவரம் எல்லாம் மனப்பாடம், ஆனால் கடலில் இறங்குவது அபூர்வம். இன்னொருவர் விடுமுறைக்குப் புதுச்சேரியோ அந்தமானோ போய், பயிற்சியாளர் சொன்னபடி இறங்கி, மீன் பார்த்துவிட்டு வருபவர். காரணம் கேட்டால் சொல்லத் தெரியாது.

யார் மேல் என்று கேட்காதீர்கள். பாயில் விதியைக் கேளுங்கள்!

கடலில் 10 மீட்டருக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1 என்றால் 10 மீட்டரில் 2. தூத்துக்குடியில் சங்கு குளிப்பவர்கள் அந்தக் காலத்தில் மூச்சடக்கித்தான் இறங்கினார்கள். மேலே இழுத்த காற்று ஆழத்தில் பாதியாகச் சுருங்கும், ஏறும்போது பழைய அளவுக்கே விரியும். நுரையீரலுக்குப் பயமில்லை.

பிறகு கம்ப்ரசர் குழாய் வந்தது. 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மூச்சடக்கி ஏறினால் இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழிந்துவிடும். உயிர் காத்த அதே பழக்கம் உயிரை எடுக்கும்! ஸ்கூபாவுக்கும் இதே கதைதான். அதனால் மூச்சை அடக்காமல், மெதுவாக ஏற வேண்டும்.

இதைப் படித்தவர் அறிவார். பதற்றத்தில் உடம்பு மறந்துவிடும். பழகியவர் செய்வார், கருவி மாறினால் தடுமாறுவார்.

எங்கள் வீட்டில் முதலில் படிக்க வந்தவன் நான். அப்பாவுக்குக் கோர்வை போடக் கை தெரியும், எனக்குச் சூத்திரம் தெரியும். தியரியும் பட்டறையும் ஒரே ஆளிடம் சேரட்டும் நண்பர்களே, அதுதான் டிப்ளமோ!