வழியில் வண்டி நின்றால்

புணேயிலிருந்து பெங்களூருக்குத் தேசிய நெடுஞ்சாலை 48 வழியாகக் காரில் செல்லும் ஒரு குடும்பத்தை எண்ணிப் பார்ப்போம். தாய், தந்தை, இரு குழந்தைகள், பாட்டி என ஐவர். கோடை நண்பகல். ஹுப்பள்ளியைக் கடந்து ஹாவேரியை நோக்கிச் செல்கையில் எஞ்சின் வெப்பங்காட்டும் முள் சிவப்புக் கோட்டைத் தொடுகிறது. பானட்டின் இடுக்கிலிருந்து ஆவி எழுகிறது. தந்தை வண்டியைச் சாலையின் இடது ஓரத்தில் நிறுத்துகிறார்.

இத்தகைய வேளையில் பழுதைக் காட்டிலும் பதற்றமே மிகுந்த கேட்டை விளைவிக்கும். தவிர்க்க வேண்டிய அவசரங்கள் மூன்று.

முதலாவது, இறங்கியவுடன் வண்டியைச் சூழ்ந்து நிற்பது. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு நொடியில் ஏறத்தாழ 28 மீட்டரைக் கடக்கிறது. எனவே, அபாய விளக்குகளை முதலில் எரியவிட வேண்டும். பின்னர் அனைவரும் இடப்பக்கக் கதவு வழியாக இறங்கி, சாலையோரத் தடுப்புக்கு அப்பால் சென்றுவிட வேண்டும். வெயிலுக்கு அஞ்சிக் குழந்தைகளையும் முதியோரையும் வண்டிக்குள் அமர்த்தி வைப்பது தவறு. எச்சரிக்கை முக்கோணத்தை வண்டிக்குப் பின்னால் 50 மீட்டருக்குக் குறையாத தொலைவில் வைத்தல் நலம். வேகம் மிகுந்த சாலையில் இன்னும் தள்ளி வைக்கலாம். வளைவு இருப்பின், பின்னால் வருவோர் வளைவில் திரும்பும் முன்னரே காணுமாறு வைக்க வேண்டும்.

இரண்டாவது, ரேடியேட்டர் மூடியை உடனே திறப்பது. அதனுள் இருக்கும் நீர்மம் அழுத்தத்தில் இருப்பதால் 100 டிகிரி செல்சியஸைக் கடந்தும் கொதிக்காமல் இருக்கக்கூடும். மூடி திறந்து அழுத்தம் நீங்கிய கணமே அது பொங்கிச் சீறும். முகமும் கைகளும் வெந்துபோகும். எஞ்சினை அணைத்துவிட்டு, அது நன்கு ஆறும்வரை குறைந்தது அரை மணி நேரமேனும் பொறுத்திருக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் காணவும் கூடும்.

மூன்றாவது, இணையத்தில் முதலில் கண்ணில்படும் உதவி எண்ணை அழைப்பது. நிறுவனங்களின் பெயரில் பொய்யான எண்களை உலவவிட்டு, தவிப்போரிடம் பணம் பறிப்போர் உள்ளனர். ‘பதிவுக் கட்டணம் பத்து ரூபாய்’ என்று ஓர் இணைப்பை அனுப்புவார்கள், அல்லது கைப்பேசித் திரையைப் பகிரச் சொல்லுவார்கள். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யூபிஐ ரகசிய எண்ணைக் கேட்போரும் உண்டு. பணம் பெறுவதற்கு அந்த எண் ஒருபோதும் தேவையில்லை. ஏமாற நேர்ந்தால் தாமதியாமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவிக்க வேண்டும்.

தேசிய நெடுஞ்சாலையில் உதவி கோர 1033 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது. உயிருக்கு ஆபத்து எனில் 112-ஐ அழைக்கலாம். இருக்கும் இடத்தைக் கூறுவதற்கு, மஞ்சள் தலைப்புடைய கிலோமீட்டர் கல்லில் உள்ள எண்ணும் செல்லும் திசையும் பெரிதும் துணைபுரியும்.

இனி, செலவைக் கருதுவோம். வழக்கமான வாகனக் காப்பீடு விபத்து முதலியவற்றால் நேரும் சேதத்துக்கே ஈடு தருகிறது. இயந்திரப் பழுதை அது ஏற்பதில்லை. வழித்துணை உதவி வேண்டுமாயின், கூடுதல் பிரிமியம் செலுத்தி அதனைத் தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். பாலிசியில் அது உள்ளதா, எத்தனை கிலோமீட்டர் வரை வண்டியை இழுத்துச் செல்வார்கள் என்பதைப் புறப்படுமுன் படித்தறிந்து, அதிலுள்ள உதவி எண்ணை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்க. கைப்பேசித் தொடர்பு கிட்டாத இடத்தில் யூபிஐ பெரும்பாலும் பயன்படாது. ஆதலால், ஓரளவு ரொக்கமும் உடனிருக்கட்டும்.

நம் எடுத்துக்காட்டுக் குடும்பத்திடம் இவை யாவும் இருப்பதாகக் கொள்வோம். பாட்டியின் மருந்து, குடிநீர், குடை ஆகியவை பின்னிருக்கையிலேயே உள்ளன. தடுப்புக்கு அப்பால் ஒரு மரநிழலில் குழந்தைகள் பாட்டியிடம் கதை கேட்கின்றனர். தந்தை 1033-ஐ அழைத்துக் கல்லின் எண்ணைச் சொல்லிவிட்டுக் காத்திருக்கிறார். பயணத்தில் சில மணி நேரம் வீணாகலாம். ஆயினும் ஐவரும் நலமாக வீடு திரும்புவர். புறப்படுமுன் ஆயத்தத்துக்காகச் செலவிடும் பத்து நிமிடங்கள் ஈட்டித் தரும் வட்டி இதுவே.