மாடியில் சோலார் இருந்தும் கரண்ட் கட்டில் இருட்டா? லோன் எடுக்கும் முன் இதைப் படிங்க!



என் நண்பன் ஒருத்தன் ஊரில் அப்பா, அம்மா இருக்கும் வீட்டுக்கு 3 கிலோவாட் சோலார் போட்டான். "இனி கரண்ட் கட் கவலையே இல்லம்மா"ன்னு சொல்லிட்டும் வந்தான். அடுத்த வாரமே அம்மாகிட்ட இருந்து போன்: "ஏன்டா, வெயில் கொளுத்துது, ஃபேன் மட்டும் ஓடலையே?"

பேனலில் கோளாறு எதுவும் இல்லை. அவன் வாங்கியது ஆன்-கிரிட் சிஸ்டம்.

ஏன் நிக்குது?

கரண்ட் போனதும் ஆன்-கிரிட் இன்வெர்ட்டர் தானாகவே நின்னுடும். லைனில் கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் கம்பத்தில் ஏறியிருப்பார். அந்த நேரம் நம்ம மாடியில் இருந்து கரண்ட் போனால் அவர் உயிருக்கே ஆபத்து. அதனால்தான் இந்த ஏற்பாடு.

மூணு வகை இருக்கு

1. ஆன்-கிரிட்: பேட்டரி கிடையாது. பில் குறையும், கரண்ட் கட்டில் உதவாது.
2. ஆஃப்-கிரிட்: பேட்டரியில் சேமிக்கும். கரண்ட் கட்டில் ஓடும். மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்குக் கொடுக்க முடியாது.
3. ஹைபிரிட்: பேட்டரியோடு இருந்தால் இரண்டு வேலையும் செய்யும். செலவும் அதிகம்.

மானியக் கணக்கு

2024-ல் வந்த பி.எம். சூர்ய கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்கு தலா 30,000 ரூபாய், மூணாவதுக்கு 18,000. அதிகபட்சம் 78,000. இது கிரிடோடு இணைந்த சோலாருக்குத்தான். பேட்டரி செலவு நம்ம கையில் இருந்து. பணமும் சிஸ்டம் பொருத்தி, ஆய்வு முடிந்த பிறகுதான் பேங்குக்கு வரும்.

உதாரணத்துக்கு, கொட்டேஷன் 1,98,000 ரூபாய்னு வைங்க. மானியம் போக 1,20,000. வருஷத்துக்கு 24,000 ரூபாய் பில் குறைந்தால், போட்ட பணம் திரும்ப 5 வருஷம். லோன் என்றால் வட்டியும் சேர்த்துப் பாருங்க.

கரண்ட் கட்டுக்கு எவ்வளவு தேவை?

2 ஃபேன் 150 வாட், 3 எல்இடி 30, லேப்டாப் 60, வைஃபை 10. மொத்தம் 250 வாட். 12 வோல்ட், 150 ஏஎச் பேட்டரியில் இருப்பது 1,800 வாட்-மணி. சாதாரண லெட்-ஆசிட் பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுள் குறையும். இன்வெர்ட்டரில் வீணாவதும் போக, சுமார் 3 மணி நேரம் ஓடும். இதுக்கு சோலாரே வேண்டாம், சாதாரண வீட்டு இன்வெர்ட்டர் போதும்!

அப்போ எதை வாங்கலாம்?

- பில் குறைவு, கட் ஒன்றிரண்டு மணி நேரம்: இன்வெர்ட்டர் மட்டும். வாடகை வீட்டுக்காரர்களுக்கும் இதுதான். வீடு மாறும்போது கூடவே வரும்.
- பில் அதிகம், கட் அபூர்வம்: ஆன்-கிரிட்.
- பில்லும் அதிகம், கட்டும் நீளம்: ஹைபிரிட்.
- புயல் பகுதி: இருக்கும் இன்வெர்ட்டருக்கு சோலார் சார்ஜ் கன்ட்ரோலரும் சின்ன பேனலும். 2018 கஜா, 2023 மிக்ஜாம் சமயத்தில் பல இடங்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பேட்டரியை வெயிலில் சார்ஜ் பண்ணிக்கலாம்.

நண்பன் கடைசியில் தனியா ஒரு இன்வெர்ட்டர் வாங்கி வச்சான். நீங்க கையெழுத்துப் போடும் முன் விற்பவரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "மெயின் சுவிட்சை ஆஃப் பண்ணினா என் வீட்டில் எது எது ஓடும்?" பதிலை கொட்டேஷனிலேயே எழுதித் தரச் சொல்லுங்க.

உங்க வீட்டு பில் எவ்வளவு, கட் எத்தனை மணி நேரம்? கமெண்டில் சொல்லுங்க, கணக்குப் போட்டுப் பார்க்கலாம்!