ருக்மிணி தேவியின் ஆடலரங்கம்

கொங்கு நாட்டுச் சிற்றூர்களில் வள்ளி கும்மி பயிற்றும் ஆசிரியரைப் பார்த்திருக்கிறீர்களா? பாட்டெடுப்பவரும் அவரே, அடி சொல்லித் தருபவரும் அவரே, பிழையாகக் காலெடுத்து வைத்தவரை நிறுத்தித் திருத்துபவரும் அவரே. 2024ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது பெற்ற கோவை மாவட்டத்துப் பத்ரப்பன் அத்தகைய ஆசிரியர். பெண்களுக்கும் இக்கலையைக் கற்பித்தவர். சதிராட்டத்தில் நட்டுவனார் நிலையும் ஏறத்தாழ இதுவே. ஆடலமைப்பு, சொற்கட்டு, தாளம், கற்பித்தல் ஆகிய யாவும் அவரிடமே தங்கியிருந்தன. மேலைநாட்டுப் பாலே நடனத்தின் வழி வேறு. ஆடுபவர், ஆடலை அமைப்பவர், இசையமைப்பவர், காட்சியும் உடையும் வரைபவர் என ஒவ்வொரு பணிக்கும் அங்குத் தனித்தனிக் கலைஞர் உண்டு. இவ்விரு வழிகளையும் பயின்றறிந்தவர் ருக்மிணி தேவி அருண்டேல்.

1904இல் மதுரையில் பிறந்த இவர், 1928இல் மும்பையில் ருசிய நடனக் கலைஞர் அன்னா பாவ்லோவாவின் ஆடலைக் கண்டார். பின்னர் ஆஸ்திரேலியா சென்ற கப்பலில் இருவரும் உடன்பயணிகளாயினர். பாவ்லோவாவின் குழுவைச் சேர்ந்த கிளியோ நோர்டி இவருக்குப் பாலே கற்பித்தார். பாவ்லோவாவோ, சொந்த நாட்டின் ஆடலைத் தேடிக் கற்குமாறு அறிவுறுத்தினார். 1933இல் சென்னை மியூசிக் அகாதெமியில் பந்தநல்லூர்ச் சகோதரியரின் சதிரைக் கண்டபோது அந்தத் தேடல் முடிந்தது. மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும் இவருக்கு ஆசிரியராயினர். 1935ஆம் ஆண்டின் இறுதியில் அடையாற்றில் முதன்முதலாகப் பொதுமேடை ஏறியபோது இவருக்கு வயது 31. இக்காலத்தில் ஏழெட்டு வயதிலேயே அரங்கேறும் சிறுமியரை எண்ணினால் வியப்பு மேலிடும்!

பாலே கற்பித்த கண்ணோடு இவர் நம் மேடையைப் பார்த்தார். ஆடுபவரின் பின்னே நின்று, அவர் நகருந்தோறும் தாமும் நகர்ந்த இசைக்குழுவினர், இவருடைய அரங்கில் மேடையின் ஒருபுறம் அமர்ந்தனர். கோயிற் சிற்பங்களைப் பார்த்து உடையும் அணிகலனும் வகுக்கப்பட்டன. 1936இல் தோன்றிய கலாசேத்திராவில், நட்டுவனார் குடும்பங்களில் பிறவாத மாணவியரும் நட்டுவாங்கம் பயின்றனர்.

இம்மாற்றத்தை எல்லாரும் வரவேற்கவில்லை. சிருங்காரச் சுவையை இவர் குறைத்துக்கொண்டதை, மரபுவழிக் கலைஞரான தஞ்சாவூர் பாலசரசுவதி ஏற்கவில்லை. பரதத்தில் தூய்மைப்படுத்த ஏதுமில்லை என்பது அவர் கொள்கை. பொட்டுக்கட்டும் வழக்கம் 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பிற குடும்பப் பெண்கள் மேடையேறிய அதே காலத்தில், தலைமுறை தலைமுறையாக ஆடலைக் காத்த குடும்பத்துப் பெண்கள் பலர் மேடையை இழந்தனர். ருக்மிணி தேவியின் பெருமையைப் பேசும் நூல்கள் இவ்விழப்பை ஓரிரு வரிகளில் கடந்துவிடுவது முறையன்று.

ஆடலமைப்பாளராக இவர் ஆற்றலை நாட்டிய நாடகங்களில் காணலாம். 1944இல் திரிகூடராசப்பக் கவிராயரின் குற்றாலக் குறவஞ்சியை மேடையேற்றினார். தனியொருத்தி ஆடிய சதிரின் அடவுகள் இங்குப் பல பாத்திரங்களுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. இசையைப் பெரும்புலவர்களிடம் ஒப்படைத்தார். எனினும், எந்த இடத்தில் எவ்வுணர்வு எழவேண்டும் என்பதை அவர்களோடு அமர்ந்து ஆராய்ந்தார். இராமாயணத்தை ஆறு நாடகங்களாக்கும் பணி 1955இல் தொடங்கியது. எண்பது வயதைக் கடந்திருந்த மைசூர் வாசுதேவாச்சாரியார் முதல் நான்கிற்கு இசையமைத்து, 1961இல் மறைந்தார். எஞ்சிய இரண்டிற்கும் அவருடைய பேரன் இராஜாராம் இசையமைத்தார். ஆறாவது நாடகம் 1970இல் மேடையேறியது.