பூக்கணக்கு தப்பிய சேலையும் சாட்சிதான்

பிள்ளையார்பாளையத்திலிருந்து வந்த ஓர் அம்மா என் மேசைமேல் ஒரு பட்டுச் சேலையைப் பிரித்து வைத்தார். அரக்கு உடல், பச்சைக் கரை, கோர்வை வேலை. முதல் இரண்டு முழம் அச்சுப் பிசகாமல் வந்திருந்தது. அதற்கு மேல் புட்டாக்கள் வரிசை தப்பி, ஓரிடத்தில் நெருங்கியும் ஓரிடத்தில் விலகியும் கிடந்தன. கரையும் உடலும் கோக்கும் இடத்தில் மூன்று இடங்களில் ஊடை விட்டுப்போயிருந்தது.

"பாக்க நல்லாத்தான் இருக்காரு சார். பேசுறாரு, சாப்பிடுறாரு, கோயிலுக்குக்கூட போயிட்டு வர்றாரு. தறியில உக்காந்தா மட்டும் கணக்கு நிக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரத்துல தலைவலின்னு எழுந்துடுறாரு. ஏன்னு கேட்டா அடிக்க வர்றாரு. முன்னெல்லாம் அதட்டிக்கூடப் பேச மாட்டாரு."

அவருடைய கணவர் ஐந்து மாதத்துக்கு முன் வாலாஜாபாத் சாலையில் லாரி மோதி விழுந்தவர். கை கால் முறியவில்லை. தலைக்குள் ரத்தக்கட்டு, பத்து நாள் மருத்துவமனை. "ஆள் நல்லா நடமாடுறாரே" என்று சொல்லி, ஒரு சிறு தொகைக்குக் கையெழுத்துக் கேட்டு வீட்டுக்கே ஆள் வந்திருக்கிறார்கள். கெட்டுப்போன சேலையை முதலாளி இவர்கள் தலையிலேயே கட்டிவிட்டார்.

"கையெழுத்துப் போடாதீர்கள். இந்தச் சேலையையும் விற்காதீர்கள். இது உங்கள் வழக்கின் சாட்சி" என்றேன்.

இருபது ஆண்டுகளுக்கு மேல் விபத்து வழக்கு நடத்தியதில் நான் கண்டது இது: தலைக்காய வழக்குகளில் காயம் பட்டதை நிரூபிப்பது எளிது, ஸ்கேன் படமே சொல்லிவிடும். காயத்துக்குப் பிறகு அந்த மனிதரால் எதெல்லாம் செய்ய முடியாமல் போயிற்று என்பதை எந்தப் படமும் காட்டாது. அதை வீட்டில் இருப்பவர்கள்தான் சேகரித்துத் தர வேண்டும். அதற்கான வழிகளை வரிசையாகச் சொல்கிறேன்.

முதல் சில நாட்கள்

செலவை நினைத்துத் தயங்காமல் உடனே 108ஐ அழையுங்கள். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கப்பட்ட தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சை, திட்டத்தில் சேர்ந்த தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். மத்திய அரசு 2025 மே மாதம் அறிவித்த திட்டத்தில் ஒருவருக்கு ஏழு நாட்களுக்குள் 1.5 லட்சம் ரூபாய் வரை கட்டணமில்லாச் சிகிச்சை உண்டு.

மருத்துவமனையில் சேர்க்கும்போது, எந்த வாகனம் எப்படி மோதியது என்பதைத் தெளிவாகச் சொல்லுங்கள். பதற்றத்தில் கூட வந்தவர் "வண்டியிலேருந்து விழுந்துட்டாரு" என்று சொல்லிவிடுவார். அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறும். ஓராண்டு கழித்து, "தானாக விழுந்தார் என்று பதிவாகியிருக்கிறது, லாரி எங்கிருந்து வந்தது?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். அந்த ஒரு வரியால் தோற்ற வழக்குகள் உண்டு. ஏ.ஆர். காப்பி என்று எல்லோரும் சொல்லும் அந்த நகலை வாங்கிப் படித்துப் பாருங்கள்.

இன்னொரு குறிப்பும் முக்கியம். தலைக்காயத்தோடு வருபவரின் நினைவுநிலையை மருத்துவர்கள் கிளாஸ்கோ அளவையில் 3 முதல் 15 வரை மதிப்பெண்ணாக எழுதுவார்கள். 8 அல்லது அதற்குக் கீழே என்றால் கடுமையான காயம், 9 முதல் 12 வரை நடுத்தரம், 13 முதல் 15 வரை லேசானது. எத்தனை மணி நேரம் நினைவில்லாமல் இருந்தார், விபத்துக்குப் பிறகு எத்தனை நாள் நடந்தது எதுவும் மனதில் பதியவில்லை என்பதும் மருத்துவக் குறிப்பில் இருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியோடு நிற்காமல் முழு மருத்துவக் கோப்பின் நகலையும், சி.டி., எம்.ஆர்.ஐ. படங்களையும், மருந்துக் கடை ரசீதுகளையும் கேட்டு வாங்குங்கள்.

விபத்து நடந்த எல்லைக் காவல் நிலையத்தில் முதல் தகவல் அறிக்கை பதிவாக வேண்டும். அதன் நகல், பார்வை மகஜர், வரைபடம், மோட்டார் வாகன ஆய்வாளர் அறிக்கை, மோதிய வண்டியின் ஆர்.சி., காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்கள்தான் வழக்கின் அடித்தளம்.

எந்த வழியில் போவது

மோட்டார் வாகனச் சட்டம் 166ஆம் பிரிவில், எதிர்வண்டியின் கவனக்குறைவை நிரூபித்து முழு இழப்பீடும் கேட்கலாம். விபத்து வேலூரில் நடந்திருந்தாலும், நீங்கள் காஞ்சிபுரத்தில் குடியிருந்தால் இங்குள்ள தீர்ப்பாயத்திலேயே மனுப் போடலாம்.

164ஆம் பிரிவில் யார் மேல் தவறு என்று நிரூபிக்கத் தேவையில்லை. ஆனால் கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம், உயிரிழப்புக்கு 5 லட்சம், அவ்வளவுதான். அந்தத் தொகையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் ஏற்றுக்கொண்டால் 166இல் போட்ட மனு காலாவதியாகிவிடும். வாழ்நாள் முழுக்கத் துணை தேவைப்படும் தலைக்காயத்துக்கு அவசரப்பட்டு இதை வாங்கிவிடாதீர்கள்.

மோதிய வண்டி எதுவென்றே தெரியவில்லை என்றால், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சமும் அரசுத் திட்டத்தில் கிடைக்கும். விபத்து நடந்த பகுதியின் வருவாய்க் கோட்ட அலுவலரிடமோ வட்டாட்சியரிடமோ விண்ணப்பிக்க வேண்டும். வேறு வண்டி எதுவும் மோதாமல் சொந்த வண்டியிலேயே சறுக்கி விழுந்தவர்கள், தங்கள் பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு இருக்கிறதா, தங்களுக்கு ஏற்பட்ட ஊனம் அதன் நிபந்தனைக்குள் வருகிறதா என்று பாருங்கள்.

166இல் மனுப் போடக் கெடு ஆறு மாதம். 2022 ஏப்ரல் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. கெடுவை எதிர்த்த மனுக்களில், கால தாமதம் என்ற காரணத்துக்காகத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. எனவே நாள் கடந்தவர்களும் வழக்கறிஞரைப் பார்க்காமல் கைவிட வேண்டாம். ஆனால் அந்த உத்தரவை நம்பி யாரும் நாளைக் கடத்தக் கூடாது. முழுமையாகக் குணமாகட்டும், பிறகு போடலாம் என்று காத்திருப்பதும் தவறு. மனுவை முதலில் போட்டுவிட்டு, ஊனத்தின் அளவைச் சாட்சி விசாரணையின்போது நிரூபிக்கலாம்.

நாற்பது சதவீதமா, நூறா?

மருத்துவக் குழு 40 சதவீத ஊனம் என்று சான்று தருகிறது என்று வையுங்கள். வருமான இழப்பும் 40 சதவீதம்தான் என்று எதிர்த்தரப்பு சொல்லும். அது சரியில்லை என்பதை உச்ச நீதிமன்றம் 2010இல் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் விளக்கியது. ஊனத்துக்குப் பிறகு அவரால் எதைச் செய்ய முடிகிறது, முன்பு அவர் என்ன வேலை செய்தார், அந்த வேலையையோ வேறு வேலையையோ செய்து பிழைக்க முடியுமா என்று தீர்ப்பாயம் பார்க்க வேண்டும். இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால் இழப்பு ஏறக்குறைய முழுமை. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வருமானம் போகாமலே இருக்கலாம். அந்தத் தீர்ப்பு காட்டிய உதாரணம் இது.

நம் ஊர் வேலைக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கோர்வைத் தறிக்குழியில் உட்கார்ந்திருப்பவரின் கால் மிதிகட்டையில், கை நாடாவில், கண் கரையில். எதிரில் இருக்கும் துணை ஆளோடு ஒத்துப்போக வேண்டும். பூவுக்குப் பூ எத்தனை ஊடை என்ற எண்ணிக்கை மனதில் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். இழை அறுந்தால் உடனே கண்டு முடிய வேண்டும். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் மூளைப் பகுதி அடிபட்டால் முதலில் போவது இவைதான்: கவனம், வரிசை, பொறுமை. அதனால்தான் கை கால் நன்றாக இருந்தும் தறி ஓடுவதில்லை.

ஆனால் தறி எப்படி ஓடும் என்று மருத்துவருக்கோ நீதிபதிக்கோ தெரியாமல் இருக்கலாம். சக நெசவாளர் ஒருவரைச் சாட்சியாகப் போட்டு அதைச் சொல்ல வையுங்கள். நினைவாற்றல், கவனம், கோபக் கட்டுப்பாடு ஆகியவற்றை அளக்கும் நரம்பியல் உளவியல் பரிசோதனை தனியாக இருக்கிறது. சி.டி. படம் சுத்தமாக இருப்பவருக்கும் அதில் குறை தெரியவரலாம். அந்த அறிக்கையைச் சேர்க்கச் சொல்லி உங்கள் வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள்.

வருமானத்தை எப்படிக் காட்டுவது

நெசவாளர் பலரிடம் சம்பளச் சீட்டு இருக்காது. கூட்டுறவுச் சங்க உறுப்பினர் என்றால் பாஸ்புக்கும் கூலிப் பதிவேடும் போதுமான சான்று. முதலாளியிடம் கூலிக்கு நெய்பவர், பாவு வாங்கிய குறிப்பு, கூலிச் சீட்டு, வங்கிக் கணக்கு, நெசவாளர் அடையாள அட்டை ஆகியவற்றைக் கொடுக்கலாம். மாதத்துக்கு எத்தனை சேலை, ஒரு சேலைக்கு என்ன கூலி என்று முதலாளியே வந்து சொன்னால் இன்னும் நல்லது. எந்தக் காகிதமும் இல்லை என்றாலும் மனம் தளர வேண்டாம். 2014இல் ஒரு காய்கறி வியாபாரி வழக்கில், வருமானச் சான்று இல்லாவிட்டாலும் மாதம் 6,500 ரூபாயை உச்ச நீதிமன்றம் ஏற்றது.

கணக்கு இப்படித்தான் போடுவார்கள். 34 வயது நெசவாளர், மாத வருமானம் 15,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சுயதொழில் செய்பவர் 40 வயதுக்குக் கீழே இருந்தால், எதிர்கால உயர்வுக்காக 40 சதவீதம் சேர்க்கலாம் என்பது 2017 பிரணய் சேத்தி தீர்ப்பு. காய வழக்குகளுக்கும் அந்த உயர்வு உண்டு என்று 2020இல் உறுதியானது. ஆக மாதம் 21,000, ஆண்டுக்கு 2,52,000. 31 முதல் 35 வயது வரை பெருக்கும் எண் 16 என்று 2009 சரளா வர்மா தீர்ப்பு அட்டவணை சொல்கிறது. மொத்தம் 40,32,000. இதில் ஊனம் 40 சதவீதம் என்று நின்றால் 16,12,800 ரூபாய். வேலையே போயிற்று என்று நிரூபித்தால் 40,32,000 முழுதும். வித்தியாசம் 24 லட்சத்துக்கு மேல். அந்தச் சேலையின் மதிப்பு இப்போது புரியும்.

வீட்டில் இருப்பவர்களின் உழைப்பு

மருத்துவச் செலவு, வலி, வேதனை ஆகியவற்றைக் கேட்க யாரும் மறப்பதில்லை. கவனித்துக்கொள்ளும் ஆளுக்கான செலவைத்தான் மறக்கிறார்கள். மனைவியே பார்த்துக்கொள்கிறார், கூலி யாருக்கும் கொடுக்கவில்லை என்று விட்டுவிடுவார்கள். தார் சுற்றியும் கோர்வைக்குத் துணை உட்கார்ந்தும் சம்பாதித்த பெண் அவர். இப்போது கணவரைத் தனியே விட முடியாமல் வீட்டோடு கிடக்கிறார். அது இழப்பு இல்லையா?

ஹரியானாவில் 2007இல் 12 வயதுச் சிறுமிக்கு ஏற்பட்ட மூளைக்காய வழக்கில், தீர்ப்பாயம் சுமார் 11 லட்சம் கொடுத்தது. உயர் நீதிமன்றம் அதை 25 லட்சத்துக்கு மேல் உயர்த்தியது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 62 லட்சத்தைத் தாண்டிக் கொடுத்தது. அதில் 21.6 லட்சம், இரண்டு உதவியாளருக்கு மாதம் தலா 5,000 வீதம் 18 ஆண்டுப் பெருக்கத்தில் போட்ட கவனிப்புச் செலவு.

பின்னால் வரக்கூடிய சிகிச்சைச் செலவையும் இப்போதே கேளுங்கள். தலைக்காயம் பட்டவருக்கு மாதங்கள், சில சமயம் ஆண்டுகள் கழித்தும் வலிப்பு வரலாம். தீர்ப்பு வந்த பிறகு கூடுதல் செலவு கேட்டு மறுபடி வர முடியாது என்று 2002 நாகப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. கேட்ட தொகையைவிட நியாயமான தொகை அதிகம் என்றால் அதைத் தரலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

மனு, பணம், உதவி

அடிபட்டவருக்குத் தன் நன்மையைத் தானே பார்த்துக்கொள்ளும் நிலை இல்லையென்றால், மனைவியோ மகனோ பெற்றோரோ அவர் சார்பில் மனுப் போட நீதிமன்ற அனுமதி கேட்கலாம். கிடைக்கும் தொகை பெரும்பாலும் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் வைப்பாக இருக்கும், வட்டி மாதாமாதம் வரும். இது உங்கள் பாதுகாப்புக்கு. சொத்து விற்க வேண்டிய நிலை வந்தால் தனியாகப் பாதுகாவலர் உத்தரவு வேண்டும். நினைவின்றிக் கிடந்த ஒருவரின் மனைவியைச் சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் அப்படி நியமித்திருக்கிறது.

மருத்துவமனை வாசலில் கேஸ் பிடிக்க வரும் தரகர்களை ஒதுக்குங்கள். வெற்றுக் காகிதத்தில் யாருக்கும் கையெழுத்துப் போடாதீர்கள். கிடைக்கும் இழப்பீட்டில் பங்கு பேசுவது வழக்கறிஞர் தொழில் விதிகளுக்கே எதிரானது. பெண்கள், மாற்றுத்திறனாளிகள், பட்டியல் சமூகத்தினர், வருமானம் குறைந்தவர்கள் ஆகியோருக்கு மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞரைத் தரும். 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். மக்கள் நீதிமன்றத்தில் சமரசம் பேசுவது நல்ல வழிதான். ஆனால் அங்கே முடித்த வழக்குக்கு மேல்முறையீடு கிடையாது. ஊனத்தின் முழு அளவு தெரிந்த பிறகே அதற்கு ஒப்புங்கள்.

அந்த அம்மாவிடம் கடைசியாக ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கச் சொன்னேன். "தினமும் தேதி போட்டு எழுதுங்கள். அடுப்பை அணைக்க மறந்தது, பிள்ளையின் பெயரை மாற்றிக் கூப்பிட்டது, காரணமில்லாமல் தட்டை விசிறியடித்தது, தறியில் எவ்வளவு நேரம் உட்கார்ந்தார் என்பது, எல்லாம்." அடுத்த முறை வந்தபோது பதினெட்டுப் பக்கம் எழுதியிருந்தார். ஒரு பக்கத்தில் ஒரே ஒரு வரி: "இன்னைக்கு பாவு எந்தப் பக்கம்னு என்னைக் கேட்டாரு."

முப்பது வருடம் தறிக்குழியில் உட்கார்ந்த மனிதர் கேட்ட கேள்வி அது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இன்றே ஒரு நோட்டு வாங்குங்கள். மேலே விபத்து நடந்த தேதியை எழுதுங்கள், அதன் கீழே ஆறாவது மாதம் முடியும் தேதியை எழுதுங்கள்.