பனிமேல் பெய்யும் மழை

அன்புள்ள கவின்,

துருவத்தில் பனிக்குப் பதில் மழை பெய்தால் என்ன, இரண்டும் தண்ணீர்தானே என்று கேட்டிருந்தாய். நல்ல கேள்வி. அங்கே மான் மேய்க்கும் குடும்பங்களுக்கு அதுவே வாழ்வா சாவா என்கிற கேள்வி.

முதலில் வானத்தில் நடப்பதைப் பார். அங்கே பெய்யும் மழையும் பெரும்பாலும் மேகத்துக்குள் பனிப்படிகமாகத்தான் பிறக்கிறது. இறங்கும் வழியெல்லாம் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இருந்தால் பனியாகவே தரை சேரும். தரையை ஒட்டிய காற்று ஓரிரண்டு டிகிரி சூடாகிவிட்டால் வழியிலேயே உருகி மழையாகிவிடும். 1979 முதல் ஆர்க்டிக் எனும் வடதுருவப் பகுதி, உலகச் சராசரியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு வேகமாகச் சூடேறி வருகிறது. அதனால் நடுக்குளிர்காலத்திலும் மழை எட்டிப் பார்க்கிறது. 2021 ஆகஸ்ட் 14 அன்று கிரீன்லாந்துப் பனிப்பாளத்தின் உச்சியில், 3,200 மீட்டர் உயரத்திலேயே மழை பெய்தது. அங்கே மழை பதிவானது அதுவே முதல் முறை. நனைந்த பனி மங்கிப்போய் வெயிலை அதிகம் உறிஞ்சும். உருகுவது இன்னும் கூடும்.

ஆனாலும் என் மனம் போவது சைபீரியாவின் யமால் தீபகற்பத்துக்குத்தான். நெனெட்ஸ் மக்கள் அங்கே துருவ மான்களை மேய்த்து வாழ்கிறார்கள். குளிர்காலத்தில் மானுக்குத் தீனி, பனிக்கடியில் கிடக்கும் லைக்கன். நம் வீட்டுப் பிரியாணியில் போடுகிற கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பனி பொலபொலவென்று இருக்கும்வரை கவலையில்லை. மான் மோப்பம் பிடிக்கும், முன்னங்குளம்பால் பறிக்கும், குழிக்குள் தலையை விட்டு மேயும். அதே பனிமேல் மழை பெய்தால் தண்ணீர் உள்ளே இறங்கிவிடும். குளிர் திரும்பியதும் மொத்தமும் கட்டிப் பனியாக இறுகி, தீனியைப் பூட்டிவிடும். எத்தனை முறை உதைத்தாலும் குளம்பு சறுக்கும்.

2013 நவம்பரில் அதுதான் நடந்தது. அந்த இலையுதிர்காலத்தில் பக்கத்துப் பேரன்ட்ஸ், காரா கடல்களில் பனி குறைந்திருந்தது. திறந்து கிடந்த நீரிலிருந்து எழுந்த ஈரமும் வெப்பமும் மழையாக வந்து சேர்ந்தன. உறைந்த பனி வசந்தம் வரை இளகவில்லை. சுமார் 61,000 மான்கள் பட்டினியால் செத்தன. அத்தனை உயிரும் கண்ணெதிரே மெலிந்து மடிவதைப் பார்த்த மேய்ப்பர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு கனக்கிறது. மந்தையை இழந்தவர்களுக்குச் சறுக்குவண்டி இழுக்கவும் மான் இல்லை. இடம்பெயர வழியின்றி மீன்பிடித்துப் பிழைத்தார்கள். உறவினர்களிடம் மான்களைக் கடனாக வாங்கி, கன்று ஈன வைத்து, மந்தையை மறுபடி பெருக்கத் தொடங்கினார்கள்.

அன்புடன்,
பெரியம்மா